ஸ்டாப் லாஸ் போட்டும் நஷ்டம் ஏன் எல்லை தாண்டுகிறது?

கேள்வி இதுதான்: 500 ரூபாய்க்கு வாங்கிய பங்குக்கு 495-ல் ஸ்டாப் லாஸ் (விலை அங்கே இறங்கினால் விற்கச் சொல்லும் ஆர்டர்) போட்டுவிட்டால், என்ன நடந்தாலும் நஷ்டம் பங்குக்கு 5 ரூபாய்க்கு மேல் போகாது என்று நம்பலாமா? அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடே, இரண்டு மூன்று நாள் வைத்திருக்கும் ஸ்விங் டிரேடு இரண்டிலும்?

நம்பக்கூடாது. 495 என்பது விற்கச் சொல்லி நீங்கள் கொடுக்கும் சமிக்ஞை. கையில் வரும் விலை எது என்பதை அந்த நொடியில் எதிர்ப்பக்கம் வாங்க நிற்பவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். சாதாரண நாளில் இரண்டுக்கும் வித்தியாசம் சில பைசாதான். அதனாலேயே பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பழகிவிடுகிறார்கள்.

முதலில் எக்ஸ்சேஞ்சில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். என்எஸ்இ-யில் ஸ்டாப் லாஸ் ஆர்டர் சாதாரண ஆர்டர் புத்தகத்தில் சேராது. தனிப் புத்தகத்தில் தூங்கிக் கிடக்கும்; வாங்கவும் விற்கவும் நிற்பவர்களின் விலையைக் காட்டும் மார்க்கெட் டெப்த்தில் நீங்கள் பார்க்கும் ஐந்து வரிகளில் அது தெரியாது. கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை, அதாவது எல்டிபி, உங்கள் ட்ரிகர் விலையை (இங்கே 495) தொட்டதும் விழித்துக்கொண்டு, அப்போதுதான் வந்த புது ஆர்டர்போல வரிசையில் நிற்கும். காலை 9.20-க்கே போட்டிருந்தேனே என்ற முன்னுரிமையெல்லாம் கிடையாது. எல்டிபி மாறுவதற்குப் பெரிய வியாபாரம் தேவையில்லை, ஒரே ஒரு பங்கு கைமாறினாலும் போதும். வியாபாரம் மந்தமான பங்குகளில் யாரோ பத்துப் பங்கை அவசரமாக மார்க்கெட் ஆர்டரில் விற்றதால் ட்ரிகர் ஆகி, அடுத்த நொடியே விலை பழைய இடத்துக்குத் திரும்புவது இதனால்தான்.

விழித்த பிறகு என்ன ஆகும் என்பது எந்த வகை ஆர்டர் என்பதைப் பொறுத்தது. எஸ்எல்-எம் என்றால் மார்க்கெட் ஆர்டராக மாறி, கிடைத்த விலைக்கு விற்கும். எஸ்எல் லிமிட் என்றால் நீங்கள் கொடுத்த லிமிட் விலைக்குக் கீழே விற்காது.

எஸ்எல்-எம் எவ்வளவு நழுவும்? 1,000 பங்குக்கு 495-ல் போட்டிருக்கிறீர்கள். ட்ரிகர் ஆகும் நொடியில் வாங்க நிற்பவர்கள்: 494.90-ல் 120 பங்கு, 494.50-ல் 300, 493.80-ல் 250, 492-ல் 600. உங்கள் ஆயிரமும் இந்தப் படிகளில் உருண்டு இறங்கினால் சராசரி விலை 493.55. பங்குக்கு 1.45 ரூபாய் கூடுதல் நஷ்டம். திட்டமிட்ட 5 ரூபாயில் கிட்டத்தட்ட 30 சதவீதம். இங்கே செய்தி எதுவும் வரவில்லை, சந்தையும் சரியவில்லை. உங்கள் எண்ணிக்கைக்கு அந்தப் பங்கில் ஆழம் போதவில்லை, அவ்வளவே. அதே 495-ல் இன்னும் ஐம்பது பேரின் ஸ்டாப்பும் இருந்தால், உங்களுக்கு முன்னால் ட்ரிகர் ஆனவர்கள் மேல் படிகளைக் காலி செய்திருப்பார்கள். அவர்களுடைய விற்பனை விலையை இறக்கும், அந்த இறக்கம் அடுத்த ஸ்டாப்புகளை எழுப்பும். முழு எண்களிலும் முந்தைய நாளின் குறைந்த விலையிலும் இந்தச் சரம் அடிக்கடி வெடிக்கும்.

‘ஆபரேட்டர் (விலையை ஆட்டிவைக்கும் பெரிய ஆள்) என் ஸ்டாப்பைப் பார்த்து அடிக்கிறான்’ என்று சொல்பவர்கள் உண்டு. உங்கள் ஒற்றை ஆர்டரை யாரும் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லோரும் ஒரே இடத்தில்தான் வைக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எஸ்எல் லிமிட்டில் ஆபத்து வேறு மாதிரி. ட்ரிகர் 495, லிமிட் 494 என்று வைத்திருக்கிறீர்கள். விலை 495.20-லிருந்து நேராக 493-க்குத் தாவினால் ஆர்டர் ட்ரிகர் ஆகும், ஆனால் 494-ல் வாங்க ஆளில்லாமல் நிலுவையில் தொங்கும். விலை 480-க்குப் போனாலும் அது 494-லேயே நிற்கும். ‘ட்ரிகர்ட்’ என்ற அறிவிப்பைப் பார்த்து வெளியே வந்துவிட்டோம் என்று நினைத்து ஆப்பை மூடிவிடுபவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். ஆக, எஸ்எல்-எம்மில் வெளியேறுவது ஏறக்குறைய உறுதி, விலை உறுதியில்லை. லிமிட்டில் விலை உறுதி, வெளியேறுவது உறுதியில்லை. இரண்டையும் சேர்த்துத் தரும் ஆர்டரை நம் சந்தையில் யாரும் விற்பதில்லை.

எதைப் பயன்படுத்தலாம் என்பதிலும் இப்போது முழுச் சுதந்திரம் இல்லை. 2021 ஆகஸ்ட் 20 அன்று நிஃப்டி 16,450 கால் ஆப்ஷன், நூற்றுச் சொச்சத்தில் போய்க்கொண்டிருந்தது, ஒரு கணம் 800-ஐத் தாண்டிவிட்டுத் திரும்பியது. ‘ஃபிரீக் டிரேடு’ என்று சொல்வது இதைத்தான். ஆப்ஷனை விற்று வைத்துவிட்டு (விலை ஏறினால் இவருக்கு நஷ்டம், அதனால் ஸ்டாப் மேலே இருக்கும்) எஸ்எல்-எம்மை நம்பி இருந்தவருக்கு இத்தகைய ஒரு கணம் போதும், ஒரு மாத வருமானம் போய்விடும். சந்தை திரும்பிவிட்டது என்பதற்காக நடந்த வியாபாரம் தானாக ரத்தாகாது. அதே ஆண்டு செப்டம்பர் 27 முதல் ஆப்ஷன்களில் எஸ்எல்-எம் ஆர்டரை என்எஸ்இ நிறுத்தியது; 2023 அக்டோபர் 9 முதல் பிஎஸ்இ தன் எல்லாப் பிரிவுகளிலும் நிறுத்திவிட்டது. ஆகவே ஆப்ஷனில் லிமிட் மட்டும்தான் வழி. அங்கே ட்ரிகருக்கும் லிமிட்டுக்கும் நடுவில் 50 பைசா இடைவெளி வைப்பது ஸ்டாப்பே போடாததற்குச் சமம். 100-க்கு விற்ற ஆப்ஷனுக்கு 130 ட்ரிகர் என்றால் லிமிட்டை 140, 145 வரை தள்ளி வைப்பதுதான் சரி. லிமிட் 145 என்பதால் 145 கொடுப்பீர்கள் என்று அர்த்தமில்லை. 131-ல் விற்க ஆள் இருந்தால் 131-லேயே முடியும். மிகத் தொலைவில் வைத்தால் எக்ஸ்சேஞ்சின் விலை வரம்புக்கு வெளியே போய் ஆர்டர் ரிஜெக்ட் ஆகும், அதையும் கவனிக்க வேண்டும்.

இது நம் ஊர் எக்ஸ்சேஞ்சுகளின் தனிக் குணம் அல்ல. 2015 ஆகஸ்ட் 24 காலை அமெரிக்கச் சந்தை திறந்தபோது ஸ்டாப் ஆர்டர்கள் மார்க்கெட் ஆர்டர்களாக மாறிக் கொட்டி, பங்குபோலவே சந்தையில் விற்கப்படும் ஃபண்டுகளான இடிஎஃப்கள் பல தம் உள்மதிப்பை விட மிகக் கீழே விற்பனையாகின. 2016 பிப்ரவரி இறுதியிலிருந்து நியூயார்க் பங்குச் சந்தை ஸ்டாப் ஆர்டர்களை ஏற்பதையே நிறுத்தியது.

அடுத்தது கேப், அதாவது நடுவில் வியாபாரமே நடக்காமல் விலை ஒரே தாவலில் மாறுவது. ஸ்விங் டிரேடு செய்பவர்களுக்கு இதுதான் பெரிய எதிரி. எக்ஸ்சேஞ்சில் போடும் ஸ்டாப் ஆர்டருக்கு ஆயுள் ஒரு நாள், மாலை 3.30-க்குப் பிறகு உங்களுக்குக் காவல் இல்லை. காலை 9 மணிக்குத் தொடங்கும், தொடக்க விலையை முடிவு செய்யும் ப்ரீ-ஓப்பனில் ஸ்டாப் ஆர்டர்கள் கலந்துகொள்வதில்லை. 9.15-க்கு விலை எங்கே திறக்கிறதோ அங்கேதான் உங்கள் ஸ்டாப்புக்கு விழிப்பு வரும்.

யெஸ் பேங்க் இதற்குச் சரியான பாடம். 2020 மார்ச் 5 அன்று 36.80-ல் முடிந்தது. அன்று மாலை ரிசர்வ் வங்கி தடைக்காலம் அறிவித்து, கணக்கிலிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றது. மறுநாள் 33-ஐ ஒட்டித் திறந்து, நடுவில் 5.55 வரை இறங்கி, 16-ஐ ஒட்டி முடிந்தது. 35.50 ட்ரிகர், 35 லிமிட் என்று மறுநாள் காலை ஆர்டர் போட்டிருந்தவருடைய ஆர்டர் ட்ரிகர் ஆகியிருக்கும், நாள் முழுக்க நிறைவேறாமல் கிடந்திருக்கும். எஸ்எல்-எம் போட்டவர் 33 பக்கம் வெளியே வந்திருக்க வாய்ப்புண்டு. நஷ்டம் திட்டத்தைவிட மூன்று மடங்கு, ஆனாலும் பிழைத்தார்.

சந்தை நேரத்திலேயே கேப் விழுவதும் உண்டு. சத்யம் நிறுவனக் கணக்கு மோசடி வெளியே வந்த 2009 ஜனவரி 7 அன்று காலை வியாபாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ராமலிங்க ராஜுவின் கடிதம் வெளியானது. முந்தைய நாள் 179-ல் இருந்த பங்கு அன்றே 40-ஐ ஒட்டி முடிந்தது. இப்படிப்பட்ட நாளில் திரையில் ஓடும் விலைக்கும் உங்களுக்குக் கிடைக்கும் விலைக்கும் தொடர்பு அறுந்துவிடும்.

அதைவிட மோசம் சர்க்யூட். எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர், ஆப்ஷன் பிரிவில்) இல்லாத பங்குகளுக்கு 2, 5, 10, 20 சதவீதம் என்று தினசரி விலை வரம்பு உண்டு. கீழ் வரம்பைத் தொட்டுவிட்டால் விற்க வரிசை நிற்கும், வாங்க ஒருவரும் இருக்கமாட்டார். உங்கள் ஸ்டாப் முறையாக ட்ரிகர் ஆகும், முறையாக வரிசையின் கடைசியில் நிற்கும், மாலை முறையாக ரத்தாகும். அதானி குழுமத்தின் மீது குற்றம்சாட்டிய அமெரிக்க நிறுவனமான ஹிண்டன்பர்க்கின் அறிக்கைக்குப் பிறகு, 2023 ஜனவரி 27 அன்று அதானி டோட்டல் கேஸ் 20 சதவீதக் கீழ் வரம்பில் நின்றது. அதன் பிறகும் நாள்கணக்கில் கீழ் சர்க்யூட்டிலேயே ஓடியது. உள்ளே மாட்டியவருக்கு ஸ்டாப் எங்கே வைத்தார் என்பது பொருட்டே இல்லாமல் போனது. இன்னொரு சின்ன விஷயம்: அன்றைய வரம்புக்கு வெளியே ட்ரிகர் விலை கொடுத்தால் ஆர்டரையே ஏற்காது. 5 சதவீத வரம்புள்ள பங்கில் 7 சதவீத ஸ்டாப் என்பது காகிதத்தில் மட்டும்தான்.

இன்ட்ராடேயில் ஷார்ட் போனவருக்கு, அதாவது கையில் இல்லாத பங்கை முதலில் விற்றுவிட்டுப் பிறகு வாங்க நினைத்தவருக்கு, மேல் சர்க்யூட் இன்னும் கொடுமை. திரும்ப வாங்க முடியாமல் நாள் முடிந்தால், இல்லாத பங்கை விற்றதாகி, உங்கள் செலவில் பங்கை வாங்கிக் கொடுக்க எக்ஸ்சேஞ்ச் நடத்தும் ஏலத்துக்குப் போகும். ஏலத்திலும் பங்கு கிடைக்காவிட்டால், ஏல நாளின் முடிவு விலைக்கு மேல் 20 சதவீதம், அல்லது விற்ற நாளிலிருந்து ஏல நாள் வரையிலான உச்ச விலை, எது அதிகமோ அதை வைத்து உங்கள் கணக்கில் கழிப்பார்கள். 1 சதவீத ஸ்டாப்போடு தொடங்கிய ஷார்ட் எங்கே போய் நிற்கிறது பாருங்கள். குறுகிய வரம்புள்ள சின்னப் பங்கில் இன்ட்ராடே ஷார்ட் போகாமல் இருப்பது ஒன்றே இதற்கு மருந்து.

இதுவரை சொன்னது எப்போதாவது நடப்பது. தினமும் பணத்தை அரிப்பது வேறு: நெருக்கமான ஸ்டாப். ‘ஸ்டாப் கிட்டே இருந்தால் ரிஸ்க் குறைவு’ என்று யூடியூபில் சொல்வதை நம்பித்தான் பலர் கெடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முதலீடு 2 லட்சம். ஒரு டிரேடில் 1 சதவீதம், அதாவது 2,000 ரூபாய் இழக்கத் தயார். பங்கு விலை 500. ஸ்டாப் 5 ரூபாய் தள்ளி என்றால் 400 பங்கு, மொத்தம் 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கலாம். ஸ்டாப்பை 2 ரூபாய்க்குச் சுருக்கினால் அதே 2,000 ரூபாய்க் கணக்குப்படி 1,000 பங்கு, 5 லட்சம். இன்ட்ராடே மார்ஜினில் ஐந்து மடங்கு வரை கிடைப்பதால் 1 லட்சம் இருந்தாலே இதற்குப் போதும், ஆப்பும் தடுக்காது.

இரண்டிலும் ஸ்டாப் அடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், நழுவல் பங்குக்கு 75 பைசா. முதலாவதில் 300 ரூபாய், இரண்டாவதில் 750. ஒரு ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் புரோக்கரிடம் எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி), முத்திரைத் தீர்வை, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து முதலாவதுக்குச் சுமார் 120 ரூபாய், இரண்டாவதுக்குச் சுமார் 220. ஆக 2,000 என்று நினைத்த நஷ்டம் முதலாவதில் 2,420, இரண்டாவதில் 2,970. அதிகம் விற்றால் இன்னும் கீழ்ப் படிகள் வரை போக வேண்டும் என்பதால் உண்மையில் இரண்டாவதில் நழுவல் 75 பைசாவோடு நிற்காது. இப்போது விலை ஒரே தாவலில் 3 சதவீதம் விழுந்து 485-ல்தான் வெளியேற முடிந்தது என்றால்? முதலாவதில் 6,000 நஷ்டம், முதலீட்டில் 3 சதவீதம். இரண்டாவதில் 15,000, முதலீட்டில் 7.5 சதவீதம். ஸ்டாப்பை நெருக்கியதால் வாங்கிய எண்ணிக்கை பெருத்தது. ஸ்டாப் வேலை செய்யாத நாளில் எண்ணிக்கைதான் நஷ்டத்தைத் தீர்மானிக்கிறது.

நெருக்கமான ஸ்டாப் அடிக்கடியும் அடிபடும். ‘2 ரூபாய் ரிஸ்க், 6 ரூபாய் டார்கெட், ஒன்றுக்கு மூன்று’ என்பது கேட்க அழகாக இருக்கும். எந்தத் திசையிலும் சாய்வில்லாமல் விலை அலையும் பங்கில், 6 ரூபாய் ஏறுவதற்கு முன் 2 ரூபாய் இறங்கும் வாய்ப்பு 75 சதவீதம். நூறு டிரேடில் 75 முறை 2 ரூபாய் போகும், 25 முறை 6 ரூபாய் வரும்; இரண்டும் 150, கழித்தால் பூஜ்யம். மேலே சொன்ன நழுவலும் கட்டணங்களும் பாக்கி. ஆக, ஸ்டாப்பும் டார்கெட்டும் சேர்ந்து லாபத்தை உண்டாக்காது, உள்ளே நுழைந்த காரணத்தில் சரக்கு இருந்தால்தான் உண்டு. 2022-23 நிதியாண்டில் பங்குச் சந்தையில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டம் அடைந்ததாக சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஆய்வு சொல்கிறது. அவர்களில் யாருக்கும் ஸ்டாப் லாஸ் என்றால் என்னவென்று தெரியாது என்று நான் நினைக்கவில்லை.

ஸ்டாப் எங்கே வைப்பது என்பதற்கு ஏடிஆர், அதாவது ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் விலை சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்ற கணக்கு, ஒரு நல்ல அளவுகோல். ஐந்து நிமிட மெழுகுவர்த்தி (சார்ட்டில் ஐந்து நிமிட விலையாட்டத்தைக் காட்டும் கட்டை) ஒவ்வொன்றும் சராசரியாக 2.20 ரூபாய் ஆடும் பங்கில் 1.50 ரூபாய் ஸ்டாப் வைத்தால், ஒரே மெழுகுவர்த்தியின் சாதாரண ஆட்டமே அதைத் தட்டிவிடும். இன்ட்ராடேயில் ஐந்து நிமிட ஏடிஆரைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு, ஸ்விங்கில் 14 நாள் ஏடிஆரைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி வைத்து, அதற்கேற்ப எண்ணிக்கையைக் குறைப்பதே முறை. தள்ளி வைத்துவிட்டு எண்ணிக்கையைக் குறைக்காவிட்டால் வேறு பள்ளத்தில் விழுவீர்கள். 495, 490 போன்ற முழு எண்ணைத் தவிர்த்து 494.35 என்று கொஞ்சம் கீழே வைப்பது சின்ன உதவி, பெரிய ரகசியமில்லை.

இனி கைத்தவறுகள். இவை எந்தப் புத்தகத்திலும் பெரிதாக வராது, ஆனால் பணம் போவது இங்கே நிறைய.

டார்கெட்டுக்கு ஒரு விற்பனை ஆர்டர், ஸ்டாப்புக்கு ஒரு விற்பனை ஆர்டர் என்று இரண்டைத் தனித்தனியாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள். டார்கெட் நிறைவேறிவிட்டது, ஸ்டாப்பை ரத்து செய்ய மறந்துவிட்டீர்கள். பிற்பகலில் விலை இறங்கி அந்த ஸ்டாப் ட்ரிகர் ஆனால், கையில் இல்லாத பங்கை விற்று புது ஷார்ட் உருவாகிவிடும், அதற்கு ஸ்டாப்பும் இருக்காது. ஒன்று முடிந்தால் மற்றது தானாக ரத்தாகும் ஓசிஓ வசதி புரோக்கரிடம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஸ்டாப்பை மட்டும் எக்ஸ்சேஞ்சில் வைத்துவிட்டு டார்கெட்டுக்கு அலர்ட் வைப்பது பாதுகாப்பு. அதேபோல வாங்கும் ஆர்டர் 400-ல் 150 மட்டும் நிறைவேறிய நிலையில் 400-க்கு ஸ்டாப் போட்டால் மீதி 250 ஷார்ட்டாகும்.

டெலிவரி எடுத்தவர்கள் (பங்கை டீமேட் கணக்கில் வாங்கி வைத்தவர்கள்) ஜிடிடி-யை நம்புகிறார்கள். அது புரோக்கரின் கணினியில் காத்திருக்கும் கட்டளை. எக்ஸ்சேஞ்சுக்கு அது இருப்பதே தெரியாது. விலை தொட்டதும் பெரும்பாலும் ஒரு லிமிட் ஆர்டரை அனுப்பும், அந்த நாளுக்குள் நிறைவேறாவிட்டால் அந்த ஆர்டரும் ஜிடிடி-யும் இரண்டும் காலி. மறுநாள் காவல் இல்லை. டிடிபிஐ (விற்ற பங்கை டீமேட் கணக்கிலிருந்து எடுக்கப் புரோக்கருக்குத் தரும் நிரந்தர அனுமதி) கையெழுத்திட்டுக் கொடுக்காதவர்கள், டீமேட் கணக்குகளைப் பராமரிக்கும் சிடிஎஸ்எல்-இன் டிபின் என்ற ரகசிய எண்ணைக் கொடுத்து முன்கூட்டியே அனுமதித்திருக்காவிட்டால், ட்ரிகர் ஆன விற்பனை ரிஜெக்ட் ஆகிவிடும். போனஸ், ஸ்ப்ளிட் தேதிகளில் பழைய விலையில் கிடக்கும் ஜிடிடி-யை முந்தைய நாளே பார்த்துத் திருத்துங்கள். ஒன்றுக்கு ஒன்று போனஸ் என்றால் விலை பாதியாகத் திறக்கும், உங்கள் ஸ்டாப்புக்கு அது சரிவுபோலத்தான் தெரியும். டிரேடு-டு-டிரேடு பிரிவில் இருக்கும் பங்கை வாங்கிய அன்றே விற்க முடியாது, ஆகவே முதல் நாள் ஸ்டாப் என்ற பேச்சே இல்லை.

எக்ஸ்சேஞ்சே நின்றுபோவதும் நடந்திருக்கிறது. 2021 பிப்ரவரி 24 அன்று காலை 11.40-க்கு என்எஸ்இ-யில் வியாபாரம் நின்றது, பிற்பகல் 3.45-க்குத்தான் மறுபடி தொடங்கி 5 மணி வரை நடந்தது. நேரம் நீட்டிக்கப்படும் என்று தெரியாமல் பல புரோக்கர்கள் இன்ட்ராடே நிலைகளை அதற்குள் பிஎஸ்இ-யில் முடித்துவிட்டார்கள். என்எஸ்இ-யில் போட்ட ஸ்டாப்புக்கு பிஎஸ்இ விலை தெரியாது. அன்று அந்த ஆர்டர்கள் வெறுமனே கிடந்தன.

சரி, போடாமலே இருக்கலாமா என்றால், கூடாது. ‘மனதுக்குள் ஸ்டாப்’ வைப்பவருக்கு மேலே சொன்ன கேப், சர்க்யூட், நழுவல் எல்லாம் அப்படியே உண்டு, கை நடுங்கும் நேரமும் கூடச் சேரும். ஸ்டாப்பைப் போடுங்கள், அது வேலை செய்யாத நாளுக்கு எண்ணிக்கையை வைத்துக் காவல் போடுங்கள். ராத்திரி தாண்டி வைக்கும் பங்கு மறுநாள் 10 சதவீதம் கீழே திறந்தால் எவ்வளவு போகும் என்று முதலில் பாருங்கள். அது முதலீட்டில் 3 சதவீதத்தைத் தாண்டினால் எண்ணிக்கை அதிகம். 2 லட்சம் முதலீட்டுக்கு அப்படிக் கணக்கிட்டால் ஒரு பங்கில் 60,000 ரூபாய்க்கு மேல் ராத்திரி வைக்கக்கூடாது. காலாண்டு முடிவு, பட்ஜெட், தேர்தல் முடிவு நாட்களில் அதிலும் பாதி. 2024 ஜூன் 4 அன்று நிஃப்டியே ஏறக்குறைய 6 சதவீதம் இறங்கி முடிந்தது. வாங்கும் முன் டெப்த்தின் ஐந்து வரிகளைக் கூட்டுங்கள். உங்கள் எண்ணிக்கை அதில் பாதிக்கு மேல் என்றால் நெரிசலில் வெளியேற வழி குறுகல். லிமிட் இடைவெளி நன்றாக வியாபாரமாகும் பெரிய பங்கில் அரை சதவீதம், நடுத்தரப் பங்கில் 1 முதல் ஒன்றரை சதவீதம் என்று வைத்தால் பெரும்பாலான நாட்களுக்குப் போதும். ட்ரிகர் ஆன அறிவிப்பு வந்ததும் ஆர்டர் புத்தகத்தைத் திறந்து ‘கம்ப்ளீட்’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘ஓப்பன்’ என்று இருந்தால் லிமிட்டை மாற்றிக்கொண்டு காத்திருக்காமல் மார்க்கெட் விலைக்கு, ஆப்ஷனில் என்றால் எதிர்ப்பக்க விலையை நன்றாகத் தாண்டிய லிமிட்டுக்கு, உடனே மாற்றி வெளியே வாருங்கள்.